இல்லாத வேலைக்கு என்ர முகமோ

கொழும்பு பஸ் மன்னார் நிலையத்தில் வந்து நின்றபோது காலை எட்டு மணி இருக்கும். இரவு முழுக்க உட்கார்ந்து வந்ததில் டிலோஜினிக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. தன் பெட்டிகள் இரண்டையும் இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு, முச்சக்கரவண்டி ஒன்றைக் கூப்பிட நிமிர்ந்தாள். எதிரே, புடவைக் கடையின் மாடிச் சுவரில், அவளே நின்றுகொண்டிருந்தாள்.

ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான பனர். கறுப்பு மேற்சட்டை, மடித்த வெள்ளைத் துணியின் மேல் சாய்ந்த வைன் போத்தல், பல் தெரியாத அளவான சிரிப்பு. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில்: "கப்பலில் வைன் ஸ்டுவர்ட் ஆகுங்கள்! ஆறு மாதப் பயிற்சி, வேலை நிச்சயம்." காலடியில்: "எங்கள் மண்ணின் மகள் டிலோஜினியைப் போல நீங்களும்! நீலக்கரை ஹோட்டல் பயிற்சி நிலையம்."

முச்சக்கரவண்டிக்காரர் ஹில்மி பெட்டியைத் தூக்க வந்தவர், பனரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"உது நீங்கள்தானே தங்கச்சி?"

"ஓம். நானாத்தான் இருந்தனான்."

அவருக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. வண்டி தாழ்வுபாட்டை நோக்கி ஓடத் தொடங்கிய பிறகும் டிலோஜினி பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த வேலை பறிபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

டிலோஜினிக்கு முப்பத்தாறு வயது. தாழ்வுபாட்டுச் சிங்கராசாவின் ஒரே மகள். தகப்பன் சிறு வள்ளத்தில் தொழில் செய்தவர். அவர் மாரடைப்பில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது. உயர்தரம் முடித்து, மன்னார் பட்டினத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இரண்டு வருடம் இருந்தாள். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு கொழும்பு ஏஜென்சி ஒன்றின் மூலம் உல்லாசக் கப்பலுக்குப் போனாள். முதல் வருடம் முழுக்க அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், எச்சில் தட்டுகளை அடுக்குவதுதான் வேலை. பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் உதவிப் பரிமாறுநர். அங்கேதான் வைன் ஸ்டுவர்ட்டுகளைப் பார்த்தாள். மற்றவர்கள் தட்டோடு ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் மட்டும் மேசையருகில் நின்று, விருந்தினரோடு நிதானமாகக் கதைத்தார்கள். அவர்கள் சொன்னதை விருந்தினர் கேட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்வதைக் கேட்க ஆட்கள் இருக்கிற வேலை.

அதற்கு ஒரு பரீட்சை இருந்தது. இரண்டு முறை தவறினாள். ராஸ்பெரி, பிளம், நெல்லியைப் போல ஏதோ ஒரு வெள்ளைக்காரக் காய் என்று வாசனையைப் பிரித்துச் சொல்லச் சொன்னால், தாழ்வுபாட்டில் பிறந்தவள் எதைச் சொல்வாள்? அவள் மூக்குக்குத் தெரிந்தது நாவற்பழம், பாலைப்பழம், புளியம்பழம், மழையில் நனைந்த சாக்கு. அவை எதுவும் அவர்களுடைய பட்டியலில் இல்லை. மூன்றாம் முறைக்கு முன்னால் நான்கு மாதம், தன் ஓய்வு நேரத்தில் கப்பலின் பழக் களஞ்சியத்துக்குப் போய், ஒவ்வொரு பழமாக நசித்து மோந்து பார்த்து, அவர்களுடைய சொல்லையும் தன்னுடைய மணத்தையும் ஒரு கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாடமாக்கினாள். தேறினாள். சட்டைக் கழுத்தில் குத்த, திராட்சைக் குலை வடிவில் ஒரு வெள்ளி ஊசி கொடுத்தார்கள்.

ஊரில் இதைத் தாய் றஞ்சிதம் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. "பிள்ளை சாப்பாட்டு மண்டபத்தில பொறுப்பா நிக்குது" என்பாள். ஆனாலும் விசயம் தெரிந்துதான் இருந்தது. ஒரு விடுமுறையில், கோயில் திருவிழா முடிந்து நிற்கையில், ஒரு நடுவயதுக்காரர் நாலு பேர் சிரிக்கவேண்டும் என்று, "பிள்ளை, எங்களுக்கும் ஒரு கிளாஸ் வாத்துத் தாவன்" என்றார்.

"கிளாசை எங்க பிடிக்கிறது எண்டு முதலில பழகிக்கொண்டு வாங்கோ, வாக்கிறன்" என்றாள் டிலோஜினி. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஏழு வருடம் வைன் ஸ்டுவர்ட்டாக நின்றாள். அவள் பொறுப்பில் இருபது மேசை. போத்தலின் பெயர்ச்சீட்டை விருந்தினருக்குக் காட்டி, அவர் முன்னாலேயே தக்கையை எடுத்து, ஒரு வாய் வார்த்துக் கொடுத்து, அவர் தலையசைத்த பிறகு பெண்களுக்கு முதலில் வார்ப்பாள். மிஞ்சிய வைனுக்குக் கழுத்தில் அறை இலக்கம் எழுதிய அட்டையைக் கட்டிக் குளிர் அலுமாரியில் வைத்து, அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அதே போத்தலை அதே ஆளுக்குக் கொண்டுவருவாள். தக்கை பழுதாகி வைன் கெட்டிருந்தால், விருந்தினர் வாயில் வைக்கும் முன்னமே அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த ஈரச் சாக்கு மணம். மன்னிப்புக் கேட்டுப் போத்தலை மாற்றிவிடுவாள். அது ஸ்டுவர்ட்டின் உரிமை. யாரையும் கேட்கத் தேவையில்லை.

கொரோனாவில் கப்பல்கள் நின்றன. ஒன்றரை வருடம் வீட்டில் இருந்து மீண்டும் கூப்பிட்டார்கள். போனபோது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கத் தொடங்கியிருந்தது. நூற்றிருபது வைன் இருந்த பட்டியல் நாற்பதாகியது. மண்டபத்தில் ஒன்பது ஸ்டுவர்ட்டுகள் இருந்த இடத்தில் நாலு பேர். பிறகு ஒருநாள் எல்லோருடைய போனுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. வைன் ஸ்டுவர்ட் என்ற பதவியே இனி இல்லை. பரிமாறுகிறவர்கள் கையில் ஆளுக்கொரு தொடுதிரை. விருந்தினர் என்ன சாப்பிடுகிறார் என்று தட்டினால், எந்த வைன் பொருந்தும் என்று அது சொல்லும். போத்தல் மேசைக்கு வராது. பின்னறையில் திறந்து, கிளாசில் வார்த்து, தட்டில் வைத்து அனுப்புவார்கள்.

வேலை போகிறது என்று சொன்ன அதே கிழமை, பதினெட்டுப் பரிமாறுநர்களுக்கு அந்த வேலையைப் பழக்கிக் கொடுக்கும்படி அவளிடமே சொன்னார்கள். நாலு பின்னேரம். ஏழு வருடத்தை நாலு பின்னேரத்தில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினாள். அந்தப் பரிமாறுநர்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் மேசைகள் கூடின, சம்பளம் கூடவில்லை. ஐந்தாம் நாள் மேலாளர் மார்கோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். மற்ற மூன்று பேரின் வெள்ளி ஊசியும் அதற்குள் கிடந்தன. டப்பாவை அவள் முன்னால் நீட்டினார்.

"இது பரீட்சை எழுதி நான் எடுத்தது" என்றாள் டிலோஜினி.

"சீருடையின் ஒரு பகுதி. சீருடை கம்பனியுடையது."

"அப்படியென்றால் பரீட்சையையும் திருப்பி எடுங்கள். நான் படித்ததை இந்த டப்பாவுக்குள் எப்படிப் போடுவது என்று சொல்லுங்கள், போடுகிறேன்."

மார்கோ சிரித்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கும் மேலே இருந்து சொல்லியிருந்தார்கள். ஆனால் சிரித்தாரே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஊசியைக் கழற்றி டப்பாவுக்குள் போடாமல், அவர் காலடியில் கம்பளத்தில் போட்டுவிட்டுப் போனாள். மேலாளர் குனிந்து எடுத்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து மீண்டும் உதவிப் பரிமாறுநர். பதினொரு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடம்.

இரண்டாம் கிழமை, வருடாவருடம் அந்தக் கப்பலில் வருகிற வயதான தம்பதி அவளுடைய மேசைக்கு வந்தார்கள். முதல் நாள் முழுப் போத்தல் ஒன்று வாங்கி, பாதி குடித்து, மீதியை வைக்கச் சொல்லியிருந்தார்கள். இப்போது கழுத்தில் அட்டை கட்டுகிற வழக்கம் இல்லை. எல்லாம் திரைக்குள் பதிவு. பின்னறையிலிருந்து இரண்டு கிளாஸ் வந்தன. அந்த அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். டிலோஜினி தட்டு எடுக்கக் குனிந்தபோது அவளுக்கும் மணம் அடித்தது. திறந்து மூன்று நாலு நாளாவது ஆன வைன். அழுகிய அப்பிள் போல. இவர்களுடையது நேற்றுத்தான் திறந்தது.

"டிலோ, இது எங்களுடையதுதானா?" என்று கேட்டார் அந்த ஐயா.

"இல்லை. இது வேறு யாரோ விட்டது" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கலாம். மார்கோவும் அதையேதான் பிறகு சொன்னார். விருந்தினர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். அவர்கள் குறை சொன்னது பின்னறையை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது டிலோஜினிக்கு. "விருந்தினரின் நம்பிக்கையைப் பாதிக்கும் விதத்தில் கதைத்தமை." கையெழுத்து வைக்கச் சொன்னார்கள்.

"கெட்ட வைனைக் கொடுத்தவருக்குக் கடிதம் இல்லையா?"

"அது சிஸ்டம் பிழை. அதற்குக் கடிதம் கொடுக்க முடியாது."

"எனக்குத்தான் கொடுக்க முடியும்."

"கையெழுத்து வைத்தால் பிரச்சினை முடியும், டிலோ."

அவள் கையெழுத்து வைக்கவில்லை. ஒப்பந்தம் முடிய ஆறு கிழமை இருந்தது. அடுத்த பெரிய துறைமுகத்தில் இறக்கி, விமானச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்படி வந்தவள்தான் மன்னார் பஸ் நிலையத்தில் தன் முகத்தைக் கண்டாள்.

வீட்டுக்குப் போய்க் குளித்தாள். றஞ்சிதம் சோறு போட்டு மீன் குழம்பை ஊற்ற, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அந்தப் படம் மூன்று வருடத்துக்கு முன்னால் அவளே கொடுத்தது. விடுமுறையில் வந்தபோது பயிற்சி நிலையம் நடத்துகிற பார்த்தீபன், "அக்கா, எங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்று கேட்டான். பெருமையோடுதான் அனுப்பினாள். அந்தப் பெருமையை நினைக்க இப்போது உடம்பு எரிந்தது.

"கொஞ்சம் படுத்து எழும்பிப் போவன் பிள்ளை" என்றாள் தாய்.

"படுத்தாலும் அது அங்கதானே தொங்கும்."

பார்த்தீபனுக்கு முப்பது வயது. துபாயில் ஒரு ஹோட்டலில் கொஞ்சக் காலம் நின்றுவிட்டு வந்தவன். அந்தப் புடவைக் கடை மாடியில் குளிரூட்டிய ஒரு சின்னக் கந்தோரும், பக்கத்தில் ஒரு வகுப்பறையும் வைத்திருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான்.

"அக்கா! எப்ப வந்தனீங்கள்? சொல்லியிருந்தா வாகனம் அனுப்பியிருப்பன். இருங்கோ, கதிரையில இருங்கோ."

"பனரைக் கழட்டு."

"என்னக்கா?"

"அந்த வேலை இல்லை, பார்த்தீபன். எடுத்துப் போட்டாங்கள். எங்கட கம்பனியில எல்லாக் கப்பலிலயும் எடுத்தாச்சு. ஏதோ ஒண்டு ரெண்டு கப்பலில இருந்தாலும், அதுக்குப் பிரான்சில படிச்சவன் வரிசையில நிக்கிறான். உன்ர ஆறு மாசத்தைப் பாத்து ஒருத்தரும் எடுக்கமாட்டினம். இல்லாத வேலைக்கு என்ர முகமோ?"

பார்த்தீபன் கதவைச் சாத்தினான். குரலைத் தணித்தான்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"கொழும்பு ஏஜென்சி மூண்டு மாசத்துக்கு முதலே சொன்னது."

தெரியாமல் செய்கிறான் என்று நினைத்துத்தான் டிலோஜினி அவ்வளவு நேரமும் கோபப்பட்டாள். இப்போது வந்தது வேறு கோபம்.

"தெரிஞ்சுகொண்டோ பிள்ளையளைப் பேய்க்காட்டுறாய்?"

"பேய்க்காட்டேல்லை அக்கா. வகுப்புப் பாதியில நிக்குது. இப்ப சொன்னா மனம் உடைஞ்சு போடுங்கள். முடிஞ்ச பிறகு துப்புரவு வேலைக்கோ, தட்டுக் கழுவுறதுக்கோ எப்பிடியும் ஏத்தி விட்டிடுவன். கப்பலுக்குப் போனாச் சரிதானே?"

"அப்ப பனரில அதைப் போடு. தட்டுக் கழுவ வாங்கோ எண்டு போடு."

"அதுக்கு ஆர் வருவினம்?"

அவன் அதை மறைக்காமல், நியாயம் சொல்கிற தொனியில் கேட்டான். டிலோஜினி மேற்கொண்டு அவனோடு கதைக்கவில்லை. எழும்பிப் பக்கத்து வகுப்பறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

பத்தொன்பது பேர் நீலச் சட்டையோடு இருந்தார்கள். சிவப்புக் குளிர்பானம் நிரப்பிய வைன் போத்தலை ஒருத்தி துணியில் சாய்த்துப் பிடித்து, பெயர்ச்சீட்டைக் காட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். பனரில் இருந்த அதே பிடி, அதே சிரிப்பு. டிலோஜினியைக் கண்டதும் எல்லோரும் எழும்பி நின்றார்கள். சிலர் போனைத் தூக்கினார்கள், படம் எடுக்க.

"இருங்கோ" என்றாள் அவள். "நான் நல்லது சொல்ல வரேல்லை. நீங்கள் படிக்கிற வேலை இப்ப கப்பலில இல்லை. என்னை அனுப்பிப் போட்டாங்கள். உங்கட சேருக்கும் அது தெரியும். இனி என்ன செய்யிறது எண்டு அவரைக் கேளுங்கோ."

போத்தலோடு நின்றவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். பெயர் சுபத்திரா. அடம்பனிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவள். முன்பள்ளியில் ரீச்சராக இருந்ததை விட்டுவிட்டு வந்தவள்.

"நீங்கள் பன்னிரண்டு வருசம் நிண்டிட்டு வந்தீங்கள்" என்றாள். "இப்ப எங்களுக்கு இல்லை எண்டு சொல்ல வந்திட்டீங்களோ? உங்களை அனுப்பினா எங்களையும் அனுப்புவாங்கள் எண்டு என்ன சட்டம்? நீங்கள் என்ன பிழை விட்டீங்களோ, ஆருக்குத் தெரியும்?"

டிலோஜினி பதில் சொல்ல வாயெடுத்தாள். பார்த்தீபன் வாசலில் வந்து நின்று, "அக்கா பயணக் களைப்பில நிக்கிறா, பிள்ளையள்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவளை விசரியாக்கிவிட்டான். அவள் படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம், வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேட்டி கட்டிய, வெயிலில் கறுத்த மனிதர் ஒருவர் இறங்கினார். சுபத்திராவின் தகப்பன் கதிர்காமு. அடம்பனில் வயல் செய்கிறவர். படலைக்கு வெளியிலேயே தொடங்கிவிட்டார்.

"ஆர் இங்க டிலோஜினி? என்ர பிள்ளை மூண்டு நாளாச் சாப்பிடுதில்லை. உங்கட வயித்தெரிச்சலை ஏன் அதில கொட்டினீங்கள்?"

"உள்ளுக்கு வாங்கோ, ஐயா" என்றாள் றஞ்சிதம். "கதிரையில இருந்து ஏசுங்கோ. றோட்டில நிண்டு வேண்டாம்."

அவர் வந்தார். இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. டிலோஜினி அந்தச் சுற்றறிக்கையைப் போனில் எடுத்து அவரிடம் நீட்டினாள். இங்கிலீசைக் கண்டதும் அவர் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு உது ஓடாது. வாசிச்சுச் சொல்லும். தமிழில சொல்லும்."

அவள் அதுவரை அதைத் தமிழில் சொல்லிப் பார்த்ததில்லை. தொடங்கினாள்.

"'எங்கள் குழுவின் அன்பான உறுப்பினரே.'"

"அன்பான எண்டே போட்டிருக்கிறாங்கள்?" என்றாள் றஞ்சிதம்.

"ஓம் அம்மா. 'விருந்தினரின் உணவு அனுபவத்தை மேலும் உயர்த்தும் எங்கள் தொடர் பயணத்தில், வைன் சேவையை மேசைக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவருகிறோம் என்பதை மகிழ்ச்சியோடு அறியத்தருகிறோம்.'"

கதிர்காமு நெற்றியைச் சுருக்கினார். "கிட்டக் கொண்டுவருகினம் எண்டா நல்லதுதானே?"

"எங்களைக் கலைச்சுப் போட்டு, தட்டுத் தூக்கிற ஆளின்ர கையில ஒரு திரையைக் குடுக்கிறதுக்குப் பேர்தான் ஐயா நெருக்கம்."

"ம். வாசியும்."

"'இந்த மாற்றம் உங்கள் பல்துறைத் திறமைகள் புதிய வடிவில் மலர வாய்ப்பளிக்கிறது.'"

"மலரவோ?"

"மலர. மலர்ந்துதான் நான் திரும்பத் தட்டு எடுத்தனான். 'உங்கள் சேவைக்கு எங்கள் இதயம் நிறைந்த நன்றி. இந்த உற்சாகமான புதிய அத்தியாயத்தில் உங்களோடு சேர்ந்து...'"

அவளால் மேலே வாசிக்க முடியவில்லை. இங்கிலீசில் வழுக்கிக்கொண்டு போன வசனங்கள், சொந்த வீட்டில், சொந்தப் பாசையில், தாய்க்கு முன்னால் சொல்லும்போது ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. போனை மேசையில் குப்புறப் போட்டாள்.

கதிர்காமு அந்தப் போனைத் திருப்பி நிமிர்த்தி வைத்தார். பிறகு கேட்டார்: "உதில எங்க வேலை இல்லை எண்டு கிடக்கு?"

"ஒரு இடத்திலயும் இல்லை ஐயா. நாலு தரம் வாசிச்சுத்தான் எனக்கே விளங்கினது."

"கடிதம் எழுதுறவன் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்திலதான் படிச்சிருக்கிறான்" என்றார் அவர். தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "நாளைக்குக் காலமை நான் அங்க வாறன். மற்றப் பிள்ளையளின்ர தாய் தகப்பனுக்கும் சொல்லுறன். நீரும் வாரும். உந்தக் கடிதத்தையும் கொண்டு வாரும்."

திங்கட்கிழமை பதினொரு தாய் தகப்பன்மார் வந்தார்கள். சின்னக் கந்தோருக்குள் இடம் போதாமல் படியிலும் நின்றார்கள். டிலோஜினி நின்றபடி கடிதத்தை மீண்டும் ஒருமுறை தமிழில் சொன்னாள். இம்முறை குரல் தடுக்கவில்லை. பார்த்தீபன் முதலில் சிரித்துச் சமாளித்தான், பிறகு சத்தம் போட்டான், கடைசியில் ஒத்துக்கொண்டான். வைன் வகுப்பை நிறுத்துவது. விரும்பினவர்களைச் சமையல், பேக்கரி வகுப்புக்கு மாற்றுவது. போக விரும்புகிறவர்களுக்குக் கட்டின பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. கதிர்காமு அதை எழுத்தில் வாங்கினார்.

"பனர்?" என்றாள் டிலோஜினி.

"ஆள் பிடிச்சுக் கழட்டுறன் அக்கா, ரெண்டு நாளில."

அவள் கீழே இறங்கினாள். பழக்கடைக்காரியிடம் அன்னாசி வெட்டுகிற கத்தியை இரவல் வாங்கினாள். புடவைக் கடைக்காரர் ஏணி தர யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தந்தார். பஸ் நிலையத்தில் நின்ற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, ஏறி ஒவ்வொரு கட்டாக அறுத்தாள். கடைசிக் கட்டு அறுந்ததும் பனர் மடிந்து விழுந்து, கீழே நின்ற ஹில்மியின் முச்சக்கரவண்டியை மூடிவிட்டது. அவர் உள்ளே இருந்து ஏதோ கத்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை, டிலோஜினி உட்பட. அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்து, விறகுக்கு மேலே மழை படாமல் போட்டாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல முடியாது. ஏழு பேர் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டு பேர் வேறு வகுப்புக்கு மாறினார்கள். சுபத்திரா பேக்கரிக்குப் போனாள். ஒருநாள் பட்டினத்தில் எதிரே வந்தவள், டிலோஜினியைக் கண்டு வீதியின் மறுபக்கம் மாறிப் போனாள். முன்பள்ளியில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார் என்று கதிர்காமு சொன்னார். பார்த்தீபனின் பேஸ்புக் பக்கத்தில் இன்னும் இரண்டு மாதம் டிலோஜினியின் படம் கிடந்தது. மூன்று முறை போன் எடுத்து ஏசிய பிறகுதான் எடுத்தான். "இப்ப சந்தோசமோ அக்கா?" என்று ஒரு செய்தி அனுப்பினான். "இல்லை" என்று பதில் போட்டாள்.

சந்தோசம் எங்கே இருந்து வரும்? பார்த்தீபனைப் பிடித்துக் கேட்க முடிந்தது; அவன் பக்கத்தில் இருந்தான். மார்கோவுக்கு மேலே இருந்து அந்தக் கடிதத்தை எழுதியவன் யார் என்றே அவளுக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு கந்தோர் இருக்கும், அதற்கு ஒரு படி இருக்கும். பதினொரு தாய் தகப்பன்மாரைக் கூட்டிக்கொண்டு அந்தப் படியில் ஏற முடியாது. தாழ்வுபாட்டுக் கடற்கரையில் பின்னேரம் நடக்கும்போது அவளுக்கு இதுதான் திரும்பத் திரும்ப வந்தது. வழியில் கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள், "எப்ப பிள்ளை திரும்பப் போறாய்?" என்று கேட்டால், "போறன், போறன்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

தை மாதம் வேறொரு கப்பல் கம்பனிக்கு விண்ணப்பித்தாள். பரிமாறுநர் வேலை. கொழும்பில் நேர்முகம். ஜெயனி என்று ஒரு இளம் பெண் கேள்வி கேட்டாள்.

"வைன் தொடர்பா அனுபவம் இருந்தா மேலதிகத் தகுதியாப் போடலாம், மிஸ். உங்களுக்கு இருக்கோ?"

"அதுக்கு வேறயாச் சம்பளம் இருக்கோ?"

"இல்லை. ஆனா எடுக்கேக்க கொஞ்சம் முன்னுரிமை குடுப்பினம்."

"எடுத்த பிறகு?"

"பரிமாறுறதோட சேத்து அதையும் பாக்கச் சொல்லுவினம்."

"அப்ப இல்லை. எனக்கு வைனைப் பற்றி ஒண்டும் தெரியாது. அப்பிடியே எழுதுங்கோ."

ஜெயனி அவளுடைய பழைய சான்றிதழை மேசையில் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

வேலை கிடைத்தது. இப்போது டிலோஜினி அந்தக் கப்பலில் தட்டுப் பரிமாறுகிறாள், இடுப்பில் தொடுதிரையோடு. ஒரு ஞாயிறு காலை, துறைமுகத்தில் நிற்கையில், தாய்க்குப் போன் எடுத்தாள்.

"முந்தநாள் ஒரு மனுசி கேட்டவ அம்மா. மீனுக்கு எந்த வைன் நல்லம் எண்டு. நல்ல மனுசி. திரை ஒண்டைச் சொல்லிச்சு. அது பிழை. அந்த மீனுக்கு அது கைக்கும்."

"நீ சொன்னனியோ?"

"இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினன். அவ அதையே எடுத்தா. குடிச்சா, ஒண்டும் சொல்லேல்லை."

"பாவமெல்லே, பிள்ளை?" என்றாள் றஞ்சிதம்.

"ஆர் அம்மா பாவம்?" என்று கேட்டாள் டிலோஜினி.